அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒன்லைன் டிகிரி படிக்கலாமா?

மஸ்கெலியா அக்கா:
வயது 36. ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவை (வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் இடம்) பார்த்துக்கொள்கிறேன். உயர்தரம் பாஸ். அப்போது வீட்டு நிலைமையால் படிப்பு நின்றுவிட்டது. இப்போது கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் ஒன்லைனில் மூன்று வருட டிகிரி நடத்துகிறது. வெளிநாட்டுப் பட்டமாம். 30ஆம் திகதிக்குள் முதல் வருடக் காசை மொத்தமாகக் கட்டினால் பத்து வீதம் குறைப்பார்களாம். தினமும் போன் வருகிறது.

என்னிடம் இருப்பது அம்மாவின் இரண்டு பவுண் சங்கிலிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்து, சேர்த்து வாங்கியது. கொக்கி தேய்ந்துபோய் மஞ்சள் நூலால் கட்டியிருக்கிறார். "கொண்டுபோய் வச்சிட்டுப் படி" என்கிறார். எனக்குத்தான் மனசு வரவில்லை. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்க முடியுமா? இந்த வயதில் படித்தவர்கள் எப்படிக் கட்டினீர்கள்?

ஹட்டன்வாசி:
ஈ.பி.எஃப்.இல் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம் அக்கா, ஆனால் வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும்தான். படிப்புக்குத் தரமாட்டார்கள்.

கட்டணம் ரூபாவிலா, டொலரிலா என்று முதலில் கேளுங்கள். நான் 2021இல் இப்படித்தான் ஓர் இடத்தில் சேர்ந்தேன், கட்டணம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 வரை போனது. இரண்டாம் வருடக் கட்டணத்தை ரூபாவில் கணக்குப் பார்த்த அன்றே விட்டுவிட்டேன். கட்டிய காசில் ஒரு சதமும் திரும்பவில்லை. இன்னும் வயிறு எரிகிறது.

பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் என்பதையும் எழுத்தில் வாங்கி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். அரசாங்க வேலைக்கு அது முக்கியம்.

பண்டாரவளை டீச்சர்:
தங்கச்சி, சங்கிலியை வைக்க வேண்டாம். அடகுத் தவணை பெரும்பாலும் ஒரு வருடம், உங்கள் படிப்பு மூன்று வருடம். வட்டி கட்டி அடகைப் புதுப்பிப்பதா, அடுத்த வருடக் கட்டணம் கட்டுவதா என்று முழிக்க வேண்டி வரும்.

நான் 41 வயதில் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அங்கே எடுக்கும் பாடங்களுக்குத்தான் காசு, அதுவும் ரூபாவில். மகளுக்கு ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) வந்த வருடம் இரண்டே பாடம் எடுத்தேன். படிப்பு நீண்டது, கடன் வரவில்லை. காசுக்குச் சீட்டுதான். பத்து டீச்சர்மார், மாதம் 5,000. பதிவு நடக்கும் மாதத்துச் சீட்டை எனக்கே தரும்படி முதலிலேயே பேசிவைத்தேன்.

உங்கள் வேலைக்கு முன்பள்ளிக் கல்விச் சான்றிதழும் அங்கே இருக்கிறது. டிகிரிக்கு முன் அதைப் படித்தால், வேலையோடு படிப்பு ஒத்துவருமா என்று குறைந்த செலவில் தெரிந்துவிடும். கட்டணத்தோடு பஸ் காசு, பரீட்சை நாட்களில் போகும் சம்பளம், டேட்டா எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். எனக்குப் பஸ் காசுதான் கையைக் கடித்தது.

மஸ்கெலியா அக்கா:
டீச்சர், ஹட்டன் தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. இன்று போன் வந்தபோது ரூபாவா டொலரா என்று கேட்டேன். "முதல் வருடம் ரூபா, அப்புறம் அன்றைய டொலர் விலைப்படி" என்றார்கள். எழுத்தில் அனுப்பச் சொன்னேன், இன்னும் வரவில்லை. 30ஆம் திகதி போனால் போகட்டும்.

எங்கள் பிள்ளைக்காம்பரா ஆட்களோடு சீட்டுப் பற்றிப் பேசினேன், ஏழு பேர் சரி என்றார்கள். அம்மாவுக்குத்தான் கோபம், சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். நான் திரும்பப் போட்டுவிட்டேன். புது நூல் கட்ட வேண்டும்.

டீச்சர், விசாரிக்கத் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி பொல்கொல்லை நிலையத்துக்கே போக வேண்டுமா, போனிலேயே கேட்கலாமா?