ரேடியாலஜி தொடாத ரேங்க்: எம்.டி. நியூக்ளியர் மெடிசின் எடுக்கலாமா, கூடாதா?

ரவுண்ட்_2:
நீட் பிஜி கவுன்சிலிங். என் ரேங்குக்கு ரேடியாலஜி எட்டாது, எம்.டி. நியூக்ளியர் மெடிசின் (கதிரியக்க மருந்து கொடுத்து ஸ்கேனும் சிகிச்சையும் செய்யும் துறை) கிடைக்கும். எடுப்பதா, இன்னொரு வருடம் எழுதுவதா? அனுபவக் கதை வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள்.

ஃபிலிம்_லைட்:
மறுபடி எழுதுங்கள். ரேடியாலஜிஸ்ட்டிடம் ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷினும் பிசிபிஎன்டிடி பதிவும் (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படியான பதிவு) இருந்தால் தேனியிலோ திருவாரூரிலோ சொந்தமாக உட்காரலாம். நீங்கள் பெட்-சிடி மெஷின் (கதிரியக்க மருந்து சேரும் இடத்தைச் சிடி படத்தோடு சேர்த்துக் காட்டுவது), ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) ஒப்புதல் வாங்கிய கட்டட வரைபடம், லைசன்ஸ், ஆர்எஸ்ஓ (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) என்று அத்தனையும் வைத்திருக்கும் முதலாளியைத் தேட வேண்டும்.

அதற்கு மேல் மருந்து. பெட் ஸ்கேனுக்குப் போடும் கதிரியக்கச் சர்க்கரையான எஃப்டிஜியில் இருக்கும் ஃப்ளூரின்-18க்கு அரை ஆயுள் (பாதி சிதைய ஆகும் நேரம்) 110 நிமிடம். சென்னையில் ஏற்றி மதுரையில் ஊசி போட 7 மணி 20 நிமிடம் ஆனால் நாலு அரை ஆயுள் போயிற்று. 160 மில்லிக்யூரி (கதிரியக்க அளவு) ஏற்றினால் 10 இறங்கும், ஒரு நோயாளிக்குத்தான் காணும். வழியில் லாரி கவிழ்ந்து ரோடு அடைத்தால் அதுவும் இல்லை.

ஈயப்பெட்டி:
கணக்கு சரி டாக்டர், ஆனால் அது சைக்ளோட்ரான் (ஃப்ளூரின்-18 தயாரிக்கும் இயந்திரம்) எட்டாத ஊரில் வேலை எடுப்பவர்களுக்கான எச்சரிக்கை. படிப்பே வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது.

நீங்கள் தொடாமல் விட்டது சிகிச்சை. தைராய்டுக்கான ரேடியோ அயோடின் 1941லிருந்து இருக்கிறது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோக்ரைன் கட்டிகளுக்கு, கட்டியில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தான லுட்டீஷியம்-177 டோட்டாடேட் பலன் தருவதை நெட்டர்-1 ஆய்வு 2017ல் காட்டியது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு, அதன் செல்லில் இருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தில் போய் ஒட்டும் லுட்டீஷியம் மருந்தோடு விஷன் ஆய்வு 2021ல் வந்தது. இரண்டிலும் ஒரு தவணை 200 மில்லிக்யூரி: டோட்டாடேட் எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு, பிஎஸ்எம்ஏ ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆறு வரை. நோயாளியை ஓபியில் பார்ப்பது, கிரியேட்டினினும் பிளேட்லெட்டும் பார்த்து டோஸைக் குறைப்பதா தள்ளிப்போடுவதா என்று முடிவெடுப்பது, அட்மிட் செய்வது, டிஸ்சார்ஜ் எழுதுவது எல்லாம் நம் கையெழுத்து. ரிப்போர்ட் அறையில் அது கிடையாது.

ஃபிலிம்_லைட்:
ஆங்காலஜிஸ்ட் (புற்றுநோய் மருத்துவர்) அனுப்பினால்தானே உங்கள் ஓபி? சரி, சிடிக்கு வருவோம். பெட்டோடு எடுக்கும் சிடி பெரும்பாலும் குறைந்த டோஸ், காண்ட்ராஸ்ட் இல்லாதது. மூச்சு நகர்வில் கல்லீரல் உச்சியில் இருக்கும் மெட்டாஸ்டாசிஸ் (பரவிய கட்டி) நுரையீரல் அடியில் உட்கார்ந்த மாதிரி தெரியும். 5 மில்லிமீட்டர் நோட்யூல் (சிறு முடிச்சு) பெட்டில் பெரும்பாலும் ஒளிராது, சிடியில் கண்டுபிடித்தால்தான் உண்டு. மூன்று வருடத்தில் சிடி போஸ்டிங் சில மாதம். போதுமா?

ஈயப்பெட்டி:
போதாது, ஒத்துக்கொள்கிறேன். சிடியைத் தனியாக உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். ஆனால் மறுபக்கமும் பாருங்கள். ஊசிக்குக் கொஞ்சம் முன்னால் இன்சுலின் போட்டிருந்தால் எஃப்டிஜி முழுக்கத் தசைக்குள் போய்விடும், கட்டி மங்கித் தெரியும். மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தாவிட்டால் ஸ்கேனில் குடல் ஒளிரும். ஜிசிஎஸ்எஃப் (வெள்ளணுவைக் கூட்டும் ஊசி) போட்ட நோயாளிக்கு எலும்பு மஜ்ஜை மொத்தமும் ஒளிரும். லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) பரவிவிட்டது என்று அதற்கு ரிப்போர்ட் போனால் கீமோவே மாறிவிடும். ஃபெலோஷிப் செய்த ரேடியாலஜிஸ்ட் இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம், மறுக்கவில்லை. ஆனால் அயோடின் கொடுக்கும் மருத்துவராக ஏஇஆர்பி ஆவணத்தில் பெயர் ஏற நியூக்ளியர் மெடிசின் தகுதி கேட்பார்கள்.

ஹாட்_லேப்:
இருவரும் ரேங்க் பட்டியலை வைத்தே சண்டை போடுகிறீர்கள். ஒரே டிகிரிக்கு இரண்டு சீட் இருக்கிறது தம்பி. பெட்-சிடி மட்டும் உள்ள இடம் ஒன்று. ஜெனரேட்டர் (டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளைத் தரும் பெட்டி), அதை வைத்து ஸ்கேன் எடுக்கும் காமா கேமரா, அயோடின் வார்டு (ரேடியோ அயோடின் கொடுத்து நோயாளியைத் தனியாக வைக்கும் இடம்) எல்லாம் உள்ள இடம் இன்னொன்று. முதலாவதில் படித்தால் ஃபிலிம்_லைட் சொன்ன அத்தனை குறையும் உங்களுக்கு வரும், ஈயப்பெட்டி சொன்ன நல்லது எதுவும் வராது.

டெக்னீஷியம் ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மாலிப்டினம் சிதைந்து டெக்னீஷியம் உண்டாகும், உப்பு நீர் விட்டு அதை எடுப்பதைக் கறப்பது என்றுதான் சொல்வோம். வெள்ளிக்கிழமை கறந்துவிட்டுத் திங்கள் காலை கறந்தால் வரும் திரவத்தில் டெக்னீஷியம்-99எம் மட்டுமில்லை, ஏற்கெனவே சிதைந்துபோன டெக்னீஷியம்-99ம் நிறைய இருக்கும். வேதியியலில் இரண்டும் ஒன்றே. டெக்னீஷியத்தைக் கலக்கும் மருந்துக் கிட்டில், அதை மருந்தோடு ஒட்ட வைக்க இருக்கும் கொஞ்சம் ஸ்டானஸ் (வெள்ளீய) உப்பை அந்த 99 தின்றுவிடும். மூளை ஸ்கேனுக்கான எச்எம்பிஏஓ மருந்தோடு டெக்னீஷியம் சரியாக ஒட்டாது. அதனால் திங்களின் முதல் கறவையை ஒதுக்கிவிட்டு மறுபடி கறக்க வேண்டும். கிட் குப்பிக்குள் காற்று போனாலும் ஸ்டானஸ் கெடும். எலும்பு ஸ்கேனில் தைராய்டும் வயிறும் பளிச்சென்று வந்தால் முதல் சந்தேகம் அதுதான். கறந்ததும் குப்பியை ஈயக் குடுவைக்குள் இறக்கி மாலிப்டினம் கசிவு பார்க்க வேண்டும்: ஒரு மில்லிக்யூரி டெக்னீஷியத்துக்கு 0.15 மைக்ரோக்யூரிக்கு மேல் இருந்தால் ஊசி கிடையாது.

பெட் ஸ்கேனுக்கான காலியம்-68லும் இதே பாடுதான். கலவையின் பிஎச் (அமில அளவு) 4 பக்கத்தில் நிற்க வேண்டும். ஏறிவிட்டால் கொல்லாய்டு (நுண்துகள்) ஆகிக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் உட்காரும்.

ரவுண்ட்_2:
கதிர்வீச்சு பயம்? வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஹாட்_லேப்:
வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சின் அளவு), எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் கூடாது. மார்பில் அதை அளக்கும் டிஎல்டி பேட்ஜ். கவலைப்பட வேண்டியது விரல். டங்ஸ்டன் ஷீல்டு இல்லாமல் சிரிஞ்சைப் பிடிக்காதீர்கள். ஃப்ளூரினுக்கு ஈய ஏப்ரன் வீண் பாரம்: அதன் 511 கிலோஎலக்ட்ரான்வோல்ட் கதிருக்கு அரை மில்லிமீட்டர் ஈயம் ஏறக்குறைய எதையும் தடுக்காது. தள்ளி நிற்பதும் சீக்கிரம் வெளியே வருவதும்தான் காப்பு.

ஃபிலிம்_லைட்:
அயோடின் வார்டு உள்ள ஆஸ்பத்திரிகள் எத்தனை? அதையும் சொல்லுங்கள்.

ஹாட்_லேப்:
குறைவுதான். காரணம் டிலே டேங்க், அதாவது நோயாளிகளின் கழிவுநீரைக் கதிரியக்கம் தணியும் வரை தேக்கும் தொட்டி. அயோடின்-131க்கு அரை ஆயுள் எட்டு நாள், பத்து அரை ஆயுள் என்றால் 80 நாள். ஒரு தொட்டி நிரம்பியதும் மூடிச் சிதைய விட்டு அடுத்ததைத் திறப்பார்கள். நோயாளிகள் ஃப்ளஷை அளவில்லாமல் அமுக்கினால் முதல் தொட்டி ஆறுவதற்குள் இரண்டாவது நிரம்பிவிடும், வார்டை மூடி அட்மிஷன் தேதியைத் தள்ள வேண்டியதுதான். கேரியர் சேர்ந்த (சாதாரண லுட்டீஷியமும் கலந்த) லுட்டீஷியத்தில் வேறு சிக்கல். அதில் துளி லுட்டீஷியம்-177எம் கலந்திருக்கும், அதன் அரை ஆயுள் 160 நாள். கழிவை எங்கே, எத்தனை காலம் வைப்பது என்று முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

ரவுண்ட்_2:
எனக்கு வரும் சீட்டில் பெட்-சிடியும் காமா கேமராவும் இருக்கிறது, அயோடின் வார்டு இல்லை. வெளி போஸ்டிங் உண்டாம்.

ஃபிலிம்_லைட்:
சொன்னேனே. விடுங்கள்.

ஈயப்பெட்டி:
எத்தனை மாதம் என்பதுதான் கேள்வி. ஒரு மாதமென்றால் வேடிக்கை பார்த்துவிட்டு வருவீர்கள். நாலைந்து மாதம், அதுவும் டோஸ் முடிவெடுக்கும் ஓபியில் உட்கார வைப்பார்கள் என்றால் எடுங்கள்.

ஹாட்_லேப்:
ஆப்ஷனை லாக் செய்யும் முன் அங்கே இரண்டாம் வருடம் படிப்பவரைக் கூப்பிட்டு, திங்கள் காலை ஜெனரேட்டரைக் கறப்பது யார் என்று கேளுங்கள். "டெக்னீஷியன் பார்த்துக்குவாரு" என்று பதில் வந்தால் பட்டியலில் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.