10க்கு 9 அறைக்கு 55 அங்குல டிவி தகுமா?

வளவுவீட்டுப் பேரன்

சொன்னா சிரிப்பீங்க. எங்க வீடு முன் தெருவுல தொடங்கிப் பின் தெருவுல முடியும். முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு எல்லாம் உண்டு. அதுல எங்க புள்ளிக்குன்னு, அதான் எங்க குடும்பப் பங்குக்குன்னு, வந்தது வளவை ஒட்டி 10க்கு 9 அடியில ஒரே ஒரு அறை. நானும் ஆயாவும் (பாட்டி) இருக்கோம். பழைய 32 அங்குல டிவி போன மாசம் இடி மின்னல்ல போயிருச்சு. காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடையில 55 அங்குலம் ஒண்ணைப் பாத்ததுலேர்ந்து எனக்கு அதே நினைப்பு. சித்தப்பா, "அந்தப் பொந்துக்கு 43-ஏ அதிகம்"ங்கிறாக. கட்டில்ல உக்காந்தா கண்ணுக்கும் எதிர்ச்சுவர்த் திரைக்கும் ஏழரை அடி. டேப் வெச்சு அளந்தாச்சு. எதை வாங்கலாம்?

புதுவயல்காரன்

55-ஐ எடுங்க தம்பி. அறை சின்னதுன்னா டிவியும் சின்னதா இருக்கணும்னு யாரு சொன்னது? உக்கார்ற தூரம்தான் கணக்கு. திரையோட அகலம் நம்ம பார்வையில 30 பாகை பிடிச்சா நல்லதும்பாங்க. அதுக்குச் சுருக்கு வழி, தூரத்தை 1.6 ஆல வகுக்கிறது. ஏழரை அடின்னா 90 அங்குலம். வகுத்தா 56 வருது. சினிமாக் கொட்டகை மாதிரி 40 பாகை வேணும்கிறவன் 1.2 ஆல வகுத்து 75-க்குப் போவான். 55-க்கும் 43-க்கும் பேர்ல 12 அங்குலந்தான் வித்தியாசம், பரப்புல பாத்தா ஒண்ணரை மடங்குக்கும் மேல. வாங்கி ஆறு மாசம் கழிச்சு "பெருசா வாங்கியிருக்கலாமே"ன்னவனைத்தான் பாத்திருக்கேன். சின்னதா வாங்கியிருக்கலாம்னு ஒருத்தனும் சொன்னதில்லை.

டிவி மெக்கானிக்

நான் பாத்திருக்கேன் அண்ணே. இருபது வருசமா இதே வேலை. புது டிவி வாங்கின மறுநாள் போன் வரும்: "படம் கலங்கலாத் தெரியுது, பேனல்ல கோளாறு, வந்து பாருங்க." போய்ப் பாத்தா டிவி மேல ஒரு குத்தமும் இருக்காது. பழைய கேபிள் பெட்டியைக் கொண்டுபோய்ப் பெரிய திரையில சொருகியிருப்பாங்க.

நீங்க தூரத்தை மட்டும் வகுக்கிறீங்க, திரைக்குள்ள என்ன வருதுன்னு பாக்கலை. சாதாரண கேபிள் சேனல்ல மேலேர்ந்து கீழ 576 கோடு, அவ்வளவுதான். 32-ல ஒரு கோட்டோட உயரம் கிட்டத்தட்ட 0.7 மில்லிமீட்டர். ஏழரை அடியிலேர்ந்து நல்ல கண்ணு பிரிச்சுப் பாக்கிறதும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதனாலதான் பழைய டிவியில சீரியல் பளிச்சுன்னு இருந்துச்சு. அதே 576 கோட்டை 55-க்கு இழுத்தா ஒரு கோடு 1.2 மில்லிமீட்டர். மூஞ்சியெல்லாம் மெழுகு பூசின மாதிரி ஆயிரும். தம்பி, உங்க வீட்ல கேபிளா, ஓடிடியா?

வளவுவீட்டுப் பேரன்

ஆயாவுக்கு கேபிள். ராத்திரி எனக்கு ஓடிடி.

புதுவயல்காரன்

எச்டி பேக் போட்டா முடிஞ்சுது. 1080 கோடு வந்தா 55-லயும் ஏழரை அடிக்குக் கண்ணு குறை சொல்லாது. மெக்கானிக் தம்பி சொல்ற கணக்கை வெச்சே சொல்றேன். வயசானவுகளுக்குப் பார்வை மங்கல், எழுத்துப் பெருசாத் தெரியட்டுமே. விலையும் இறங்கியிருக்கு. 32 அங்குலத்துக்கு மேல இருந்தா 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 18 ஆயிருச்சு. கரண்டுக்கும் பயப்பட வேண்டாம். பெருசுக்கு 50 வாட் கூடுதல்னு வைங்க. தினம் அஞ்சு மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 15 யூனிட்.

பள்ளத்தூர் ஆச்சி

ஆம்பளைக ரெண்டு பேரும் வகுத்துக்கிட்டே இருங்க. அதை எங்க மாட்டுவீக? சுவத்துலயா?

எங்க பங்கு அறையில 50 அங்குலம் வாங்கி, மாட்ட ஒரு ஆளைக் கூட்டியாந்தோம். சிமெண்டுச் சுவர்னு நினைச்சுத் துளை போடுற மிஷினை வெச்சு அழுத்துனான். சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்ச்ச பூச்சு அது. நூறு வருசமாக் கண்ணாடி மாதிரி நின்னது, உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு சில்லாப் பேந்து விழுந்துச்சு. வெள்ளை சிமெண்டு வெச்சு அடைச்சோம். இன்னிக்கும் தேமல் மாதிரி நிக்குது. பங்காளி வீட்டுக்காரவுக ஒவ்வொருத்தரும் வந்து தடவிப் பாத்துட்டுப் போனாக. பேசாமப் போனதுதான் கொடுமை.

அப்புறம் வளவு வெளிச்சம். மேலே திறந்த வளவு, கீழே வழவழன்னு ஆத்தங்குடிக் கல்லு. பகல்ல வாசலுக்கு எதிர்ல டிவியை வெச்சா படம் தெரியாது, தூணுதான் தெரியும். திரை பெருசானா தூணும் கூட ரெண்டு தெரியும்.

டிவி மெக்கானிக்

ஆச்சி சொல்றது நூத்துக்கு நூறு. அந்தச் சுவர்ல துளை போடாதீங்க தம்பி, மேசையில வைங்க. ஆனா மேசை நீளத்தைப் பாத்துக்கங்க. இப்ப வர்ற பல டிவிக்கு நடுவுல கால் கிடையாது, ரெண்டு ஓரத்துலயும் இருக்கும். 55 அகலம் 122 செ.மீ., நாலு அடி. அதுக்கு ஏத்த பெஞ்சு வேணும். படைப்புக்கு, அதான் முன்னோர் கும்பிடுக்கு, பங்காளிக வந்து அந்த அறையில படுத்தா, தூக்கத்துல ஒரு கால் பட்டாப் போதும்.

இன்னொண்ணு கேக்க விட்டுட்டேன். ஏழரை அடி உங்களுக்கு. ஆயா எங்க உக்காருவாக?

வளவுவீட்டுப் பேரன்

அண்ணே, அதை நான் யோசிக்கவே இல்லை. ஆயா கட்டில்ல உக்காந்து டிவி பாத்ததே கிடையாது. நிலைப்படி ஓரமாத் தரையில, தலைகாணியைச் சாய்ச்சுக்கிட்டு உக்காருவாக. வளவுல யாரு வர்றா போறான்னு ஒரு கண்ணு, சீரியல்ல ஒரு கண்ணு. டிவிக்கு நாலு அடிதான் இருக்கும், அதுவும் நல்லாப் பக்கவாட்டுல.

டிவி மெக்கானிக்

அப்ப கதையே வேற. பக்கத்துலேர்ந்து பாக்கிறவுகளுக்கு ஐபிஎஸ் பேனலாக் கேட்டு வாங்குங்க. விஏ பேனல்னா நேரா உக்காந்த உங்களுக்குக் கறுப்பு நல்லாக் கறுப்பா இருக்கும், ஆயாவுக்கு நிறமெல்லாம் வெளுத்துத் தெரியும். ஐபிஎஸ்-ல கறுப்பு லேசாச் சாம்பல் அடிக்கும், ராத்திரி விளக்கணைச்சுப் பாத்தா உங்களுக்குத் தெரியும். வயசானவுகளுக்காக நீங்க பொறுத்துக்கங்க. உயரமும் வேணாம். தரையில உக்காந்தவுக கண்ணு ரெண்டரை அடியிலதான் இருக்கும். தாழ்வான பெஞ்சுதான் சரி. நாலு அடியில 55-ஐப் பாத்தா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கணும். 43 போதும்.

புதுவயல்காரன்

ஆயா பக்கம் சேந்துட்டீங்க, சரி. டிவிக்குக் காசு குடுக்கிறது பேரன். தம்பி, ஒரு வேலை பண்ணுங்க. பிரிஜ் வந்த அட்டைப்பெட்டியை 122க்கு 69 செ.மீ. வெட்டி, டிவி வைக்கிற இடத்துல சாய்ச்சு ரெண்டு நாள் வைங்க. 43-க்கு 95க்கு 54. கண்ணே சொல்லிரும்.

வளவுவீட்டுப் பேரன்

வெட்டி வெச்சாச்சு. 55 அட்டையை ஆயா பாத்துட்டு, "இதென்னடா, அடுத்த அறைக்குக் கதவு விடுறியா?"ன்னு கேட்டாக.

மாட்டிக்கிட்டது இன்னொரு இடத்துல. அந்தச் சுவர்ல இடது பக்கம் பீரோ, வலது பக்கம் விளக்கு மாடம். ஆயா சாயந்தரம் விளக்கு வைக்கிற இடம். பீரோவுக்கும் மாடத்துக்கும் நடுவுல மூணு அடி ஏழு அங்குலம், அதாவது 43 அங்குலம். 43 அங்குல டிவி இழைஞ்சாப்புல நிக்கும்னு நினைச்சேன். கடைக்காரர்தான் சொன்னார், அது மூலைக்கு மூலை அளவாம், அகலம் 95 செ.மீ.தானாம். அதனால ரெண்டு பக்கமும் காத்தோட்டமா நிக்குது. 55 மாடத்தை முழுசா மறைக்குது.

புதுவயல்காரன்

50 பாத்தீங்களா?

வளவுவீட்டுப் பேரன்

பாத்தேன் அண்ணே. 111 செ.மீ. ஒரு விரற்கடை இடிக்குது.

புதுவயல்காரன்

பீரோவை நகட்டுங்க!

பள்ளத்தூர் ஆச்சி

அந்த பீரோவை நகட்ட எட்டு ஆள் வேணும். எங்க வீட்ல ஒண்ணு இருக்கு, எனக்குத் தெரியும்.

வளவுவீட்டுப் பேரன்

பர்மாத் தேக்கு ஆச்சி. நானும் தம்பியும் முட்டுக்குடுத்துப் பாத்தோம், அசையலை. நாளைக்குக் கடைக்குப் போய் 43-ல ஐபிஎஸ் இருக்கான்னு கேக்கிறேன். எச்டி பேக்குக்கும் சொல்லியாச்சு. அட்டையை எடுக்கலாம்னு போனா ஆயா விடலை. வளவுலேர்ந்து வர்ற வெயிலுக்கு நிலைப்படியில மறைப்பா நிறுத்தியிருக்காக.