தரைத்தளக் கிளை நூலகம், மழைக்கு மூன்று வாரம்: என்ன செய்யலாம்?

வியாசர்பாடி_கிளை:

வணக்கம். வடசென்னையில், கேப்டன் காட்டன் கால்வாய்க்கு நடந்து போகும் தூரத்தில், தரைத்தளத்தில் ஓடும் கிளை நூலகம். ரோடு போடப் போட உயர்ந்து, இப்போது வாசற்படி ரோட்டுக்கு ஒரு அடி கீழே கிடக்கிறது. மழை விட்ட பிறகும் கால்வாய் எதிர்த்து ஏறும். கழிவறைக் குழாய் வழியாகவும் தண்ணீர் உள்ளே வரும். அதனால் வாசலில் மணல் மூட்டை போட்டு மட்டும் பிரயோஜனமில்லை.

மாடி கிடையாது. பக்கத்து வீட்டு முதல் மாடியை வாடகைக்கு எடுக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இந்த மழைக்குள் நடக்காது. கையில் இருப்பது சில்லறைச் செலவுப் பணம், வாசகர் வட்டத்தில் ஏழெட்டுப் பேர், தினமும் படிக்க வரும் டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள்.

மழைக்கு முன் எதைச் செய்வது, நனைந்துவிட்டால் முதல் இரண்டு நாள் எப்படிப் போக வேண்டும், கணக்கில் எப்படி எழுதுவது? மூன்றுக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடுங்க' என்பதை மட்டும் விட்டுவிடலாம்.

ஏட்டுப்_பாதுகாப்பு:

சார், அடித்தட்டிலிருந்து ஆரம்பியுங்கள். நம் ரேக்குகளில் பெரும்பாலானவை துளை போட்ட ஆங்கிள் ரேக். அடித்தட்டு தரையிலிருந்து நாலு அங்குலத்தில் இருக்கும். மூலை போல்ட்டுகளைக் கழற்றி, தட்டை 18 அங்குலத்துக்கு ஏற்றி மாட்டிவிடுங்கள். ஸ்பானரும் இரண்டு பேரும் இருந்தால் ஒரு ரேக் அரை மணி நேர வேலை. போல்ட் துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். ரேக்குக்கு அடியில் ஹாலோ பிளாக் வைத்து உயர்த்துகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் எல்லா ரேக்கின் தலையையும் ஒரே ஆங்கிளால் இணைத்துக் கட்டியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒன்று சாய, அடுத்ததும் சேர்ந்து சாயும்.

ஒரு தட்டு போனால் இடம் பற்றாது, ஆகவே கழிக்க வேண்டியதை இப்போதே கழியுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே எழுதிவிட்டார். அதற்காகப் பாடத்திட்டம் மாறிப்போன பழைய கைடுகளைக் கட்டிக் காக்க வேண்டியதில்லை. தட்டில் நூல்களை இறுக்கி அடுக்காதீர்கள். நனைந்த தாள் உப்பும். இறுக்கமாக இருந்தால் தட்டே வளையும், இழுத்து எடுக்கும்போது முதுகு கையோடு வந்துவிடும். சுவருக்கும் ரேக்குக்கும் நாலு அங்குலம் இடைவெளி விடுங்கள், ஓதமேறிய சுவரில் ஒட்டி நிற்கும் புத்தகம் வெள்ளமே வராமலும் பூசணம் பிடிக்கும்.

கழிவறைக் கோப்பையையும் தரையில் தண்ணீர் வெளியேறும் துளையையும் மறந்துவிடாதீர்கள். கெட்டியான பாலித்தீன் பையில் மணல் நிரப்பி இரண்டின் வாயிலும் அழுத்தி வைத்தால் எதிர்த்து வரும் கழிவுநீர் ஓரளவு தடைபடும்.

தண்ணீர் ஏறிய பிறகு: மெயினை அணைக்காமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. பிளக் பாயின்ட் மட்டத்துக்குத் தண்ணீர் வந்திருந்தால் மின் ஊழியர் வரும்வரை வெளியிலேயே நில்லுங்கள். வந்திருப்பது சாக்கடைத் தண்ணீர், எலிக்காய்ச்சல் பயம் உண்டு. கம்பூட்ஸ், ரப்பர் கையுறை இல்லாத பிள்ளையை உள்ளே விடாதீர்கள்.

நம் ஊர்ச் சூட்டில் 48 மணி நேரத்தில் பூசணம் தலைகாட்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற இறங்கினால் ஒன்றும் தேறாது. முதலில் பதிவேடுகள். அடுத்து வேறெங்கும் கிடைக்காதவை: தொழிற்சங்க மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், ஊர் வரலாற்றுச் சிறு வெளியீடுகள், பழைய இதழ்களின் பைண்டிங் தொகுதிகள். கடையில் இன்றைக்கும் விற்கும் நாவலும் அகராதியும் கடைசி. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பட்டியலை இப்போதே எழுதி மேசைக்கு மேலே ஒட்டாவிட்டால், அன்றைக்குக் கைக்கு எது முதலில் வருகிறதோ அதைத்தான் எல்லோரும் தூக்குவார்கள்.

தூக்கும்போது இரண்டு கையாலும் அடியில் தாங்குங்கள், நனைந்த புத்தகம் ஒன்றரை மடங்கு கனக்கும். அங்கேயே திறந்து பார்க்காதீர்கள். சேறு இருந்தால் மூடியபடியே பிடித்து, சுத்தமான தண்ணீர் நிரப்பிய டப்பில் முக்கி எடுங்கள். இரண்டு, மூன்று டப் வரிசையாக இருந்தால் நல்லது. மையால் எழுதியதையும் தோல் அட்டையையும் இப்படிக் கழுவக்கூடாது. பிறகு பிளாஸ்டிக் கிரேட்டில் முதுகு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்கள்.

உலர்த்துவது: ஓரம் மட்டும் ஈரமானதை விசிறி போல விரித்து நிறுத்தலாம். முழுக்க ஊறியதை முதலில் படுக்கவைத்து, இருபது பக்கத்துக்கு ஒரு தாள் செருகுங்கள். அச்சிட்ட செய்தித்தாள் மை ஒட்டும். அச்சகத்தில் மிஞ்சும் வெள்ளை நியூஸ்பிரிண்ட் ரீல் துண்டு எடைக்குக் கிடைக்கும், அதுதான் சரி. தாளை அளவுக்கு மீறித் திணித்தால் முதுகு பிளந்துகொள்ளும். முதல் நாள் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை மாற்ற வேண்டும். மின்விசிறி அறையைச் சுற்றி வீசட்டும், புத்தகத்தின் மேல் நேராக வேண்டாம். வெயிலில் போடவே வேண்டாம், அட்டை வளைந்து தாள் மொறுமொறுப்பாகிவிடும். காய்ந்ததா என்று பார்க்க நடுப்பக்கத்தைக் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகுதான் பாரம் வைத்து அழுத்த வேண்டும்.

பைண்டிங்_மேசை:

மேல சொன்னதுல ஒண்ணு சேர்த்துக்கோங்க சார். வழவழ தாள் இருக்கே, ஆர்ட் பேப்பர், கலர் படம் போட்ட சிறுவர் புத்தகம், பொது அறிவு இதழ் எல்லாம், அதுக்கு 48 மணி நேரம் கிடையாது. ஆறு மணி நேரம்தான். அதுக்குள்ள பக்கம் பக்கமா பிரிச்சு நடுவுல தாள் போடணும், இல்லன்னா ஈரத்தோடயே ஃப்ரீசருக்கு அனுப்பணும். அப்படியே காய விட்டா பூச்சு கரைஞ்சு ஒட்டி செங்கல்லு மாதிரி ஆயிடும். அப்புறம் எந்த பைண்டராலயும் பிரிக்க முடியாது.

பழைய பைண்டிங்ல மைதாப் பசை, காலிகோ துணி. ரெண்டுமே பூசணத்துக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் சாப்பாடு. அதனாலதான் பைண்டருங்க பசையில மயில்துத்தம் கலப்பாங்க. புதுசா பைண்டிங்குக்கு அனுப்பறதா இருந்தா மழைக்கு முன்னாடி அனுப்பாதீங்க. நவம்பர்ல பசை உள்ளுக்குள்ள காயறதே இல்ல, வெளியில மட்டும் காஞ்ச மாதிரி தெரியும். பொங்கல் கழிச்சு அனுப்புங்க.

அப்புறம், பாச்சா உருண்டை பூச்சிக்குத்தான். பூசணத்துக்கு ஒண்ணும் பண்ணாது. நிறைய போட்டா படிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் தலைவலி. வேப்பிலையும் அதே கதைதான்.

வியாசர்பாடி_கிளை:

நன்றி சார், நன்றிண்ணே. ஃப்ரீசர் என்றதும் ஒரு சந்தேகம். காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி இருக்கிறதே, அங்கே கிரேட்டோடு வைக்கக் கேட்கலாமா?

காசிமேடு_கரை:

ஐஸ் ஃபேக்டரி வேறு, கோல்ட் ஸ்டோரேஜ் வேறு. ஐஸ் கட்டி வார்ப்பது உப்புத் தண்ணீர்த் தொட்டியில். கட்டிகளை அடுக்கி வைக்கும் அறை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். புத்தகம் அங்கே மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பெரிய ஐஸ் படிகம் உருவாகித் தாளைக் குத்தும். ஏற்றுமதி மீன் வைக்கும் குளிர்கிடங்கு மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே ஓடும், அதைக் கேளுங்கள். கேட்பதென்றால் அக்டோபரிலேயே நேரில் போய்ப் பேசி, ஆளின் நம்பரையும் எத்தனை கிரேட் இடம் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புயலுக்கு மறுநாள் அவர்களுக்கே கரண்ட் இருக்காது, ஜெனரேட்டர் உள்ள இடமா என்று கேட்பது முக்கியம்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் சுற்றுங்கள், இல்லையென்றால் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டும். பிறகு இரண்டு பாலித்தீன் பை. ஒரே பையானால் திரும்பி வரும்போது புத்தகத்தில் மீன் வாடை அடிக்கும், ஆறு மாசம் போகாது. கிரேட்டை நிரப்பாமல் முக்கால் அளவோடு நிறுத்துங்கள், நடுவில் குளிர் போக வேண்டும்.

உறைய வைப்பது நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. பூசணம் அதில் சாகாது, தூங்கும். எடுக்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம் உங்களால் உலர்த்த முடியுமோ அத்தனை மட்டும் எடுங்கள். நாலு ஃபேன் உள்ள அறைக்கு இருபதே அதிகம். பையை உடனே பிரிக்காமல் ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுப் பிரியுங்கள், அவசரப்பட்டால் வெளிக்காற்றின் ஈரமெல்லாம் அதன்மேல் வியர்த்துவிடும்.

கிடங்கு கிடைக்காவிட்டால், ஐஸ்கிரீம் கடையில் இருக்கும் 300 லிட்டர் பெட்டி ஃப்ரீசர் ஒன்று வாடகைக்குப் பிடித்தாலும் முன்னுரிமைப் பட்டியலில் உள்ள நூறு நூலுக்கு இடம் கிடைக்கும்.

இருப்புப்_பதிவேடு:

கணக்கு விஷயம். நூல் இருப்புப் பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் இந்த வாரமே போனில் படமெடுத்து, நூலகத்துக்கு வெளியே ஒரு இடத்தில் வைத்துவிடுங்கள். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது தண்ணீருக்குத் தாங்கும். மைப்பேனா எழுத்தும் ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மையும் கரைந்து நாலு பக்கத்துக்குப் பரவும். ஸ்டாம்பில்தான் சேர்க்கை எண் (ஒவ்வொரு நூலுக்கும் பதிவேட்டில் தரும் எண்) இருக்கிறது என்றால் அடையாளமே போய்விடும். இரகசியப் பக்கத்தில் (அடையாளத்துக்காக நூலகம் தனக்கென்று குறித்து வைத்திருக்கும் உள்பக்கம்) எண்ணைப் பென்சிலாலும் எழுதி வைப்பது நல்ல பழக்கம், பென்சில் எந்தத் தண்ணீருக்கும் கரையாது.

கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடுகிறதென்றால் தினமும் ராத்திரி அதுவே ஒரு காப்பு நகல் எடுக்கும். எங்கே வைக்கிறது? அதே கணினியில்! கணினி முழுகினால் காப்பும் சேர்ந்து முழுகும். வாரம் ஒருமுறை அந்தச் சுருக்கிய கோப்பைப் பென்டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போங்கள். யுபிஎஸ் எல்லா நூலகத்திலும் தரையில்தான் உட்கார்ந்திருக்கும், அதை மேசைக்கு ஏற்றுங்கள்.

நனைந்ததைக் கழிக்கும்போது, தூக்கிப் போடுவதற்கு முன் மூன்று படம்: தலைப்புப் பக்கம், இரகசியப் பக்கம், சேதம் தெரிகிற மாதிரி ஒன்று. ரேக்கில் தண்ணீர் ஏறிய கோட்டையும் அளவு நாடாவோடு சேர்த்து எடுங்கள். சேர்க்கை எண், தலைப்பு, விலை, சேதத்தின் தன்மை என்று பட்டியலிட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பி, உத்தரவு வந்த பிறகே கழிக்க வேண்டும். பூசணத்தோடு உத்தரவுக்குக் காத்திருக்க முடியாதே என்பீர்கள். உண்மைதான். பாலித்தீன் பையில் கட்டி எண் எழுதி, புழக்கமில்லாத மூலையில் வையுங்கள்.

கல்லூரி நூலகத்துக்காரர்கள் இதில் அடிக்கடி குழப்பிக்கொள்வது: மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215, ஓராண்டில் வழங்கிய, பார்வையிட்ட ஆயிரம் நூலுக்கு ஐந்து வரை காணாமல் போவதை ஏற்கத்தக்க இழப்பு என்கிறது. அது புழக்கத்தில் தொலைவதற்கு. வெள்ளத்தில் போனதை அந்தக் கணக்கில் நுழைக்காமல் தனிப் பட்டியலாகப் போடுங்கள். தணிக்கையில் கேள்வியே வராது.

கட்டடக்_கணக்கு:

அந்த முதல் மாடி வாடகை யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வெள்ளத்தைவிட அது ஆபத்து. குடியிருப்பு வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ சுமைக்கு வடிவமைக்கப்படுவது. நூல் அடுக்கும் அறைக்கு இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 875, பகுதி 2) கேட்பது 2.2 மீட்டர் உயரம் வரை சுமார் 600 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 200 கிலோ கூடுதல். மூன்று மடங்கு! வாசிப்பு மேசை, நாளிதழ், கணினி ஆகியவை மாடிக்குப் போகலாம். ரேக் வரிசைகள் போவதென்றால் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து கையில் இல்லாமல் ஏற்றாதீர்கள். தற்காலிகமாக ஏற்றுவதானால் நடு அறையில் குவிக்காமல், சுவரோரமாக, உத்தரத்துக்கு மேலே ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள்.

வடசென்னையில் இப்போது புதுக் கட்டடங்கள் வருகின்றன, கொளத்தூரில் 2024 நவம்பரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற படிப்பு, பணியிட மையத்தைத் திறந்தார்கள். உங்கள் பகுதிக்கும் ஒன்று திட்டத்தில் வந்தால், வரைபடம் முடிவாகும் முன்பே 'நூல் அடுக்கு முதல் மாடியில், 600 கிலோ சுமைக்கு' என்று எழுத்தில் கேளுங்கள். சொத்து வரியோடு 10 சதவீத நூலக வரியும் கட்டுகிற ஊர் இது, கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எர்ணாவூர்_வாசகர்:

எண்ணூர்ப் பக்கத்து நூலகத்தார் இதைப் படித்தால்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்த மாதிரி வந்தால் மேலே சொன்ன டப் முறை உதவாது. எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் நனைந்ததை நல்ல புத்தகத்தோடு ஒரே கிரேட்டில் போடாதீர்கள், கழுவினால் கறை இன்னும் உள்ளே இறங்கும். பெட்ரோல், தின்னர் என்று வைத்துத் துடைக்கிற வேலை மூடிய அறையில் கூடவே கூடாது. தனியே கட்டி, படமெடுத்து, கழிவுப் பட்டியலில் சேருங்கள்.

வியாசர்பாடி_கிளை:

எல்லோருக்கும் நன்றி. முன்னுரிமைப் பட்டியல் இன்றே எழுதுகிறேன். கடைசியாக ஒன்று: உலர்த்துகிற நாட்களில் வாசிப்பறையைத் திறந்து வைக்கலாமா? பரீட்சை நேரம், பிள்ளைகள் கேட்பார்கள்.

ஏட்டுப்_பாதுகாப்பு:

ஈரம் மட்டும் என்றால் வேறு அறையில் உலர்த்திக்கொண்டு வாசிப்பறையைத் திறக்கலாம். பூசணம் தெரிந்துவிட்டால் அதே காற்று ஓடும் அறையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளை ஒன்று போதும். பூசணத்தை அங்கே தூரிகையால் தட்டவும் வேண்டாம், பொடி பறந்து மற்ற ரேக்குக்குப் போகும். வேலை செய்பவருக்கு என்95 முகமூடி, துணி மாஸ்க் போதாது. ரேக்கையும் மேசையையும் 70 சதவீத ஸ்பிரிட்டால் துடைக்கலாம், ஃபேனையும் எரியும் எதையும் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து. பிளீச்சிங் தரைக்கு மட்டும், தாளில் படக்கூடாது.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கி ரேக்குகளுக்கு நடுவே மாட்டுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். 55-க்குப் பக்கத்தில் பிடிக்கப் பாருங்கள். மழை நாளில் ஜன்னலைத் திறந்தால் முள் ஏறும், இறங்காது. ஏசி இருந்தால் டிரை மோடில் விடுங்கள். சாயங்காலம் அணைத்துவிட்டுப் போனால் ராத்திரியில் பழையபடி ஏறிவிடும், அதனால் உலர்த்தும் நாட்களில் இரவும் ஓடட்டும்.

உதவிக்கு வரும் பிள்ளைகளை இரண்டு மணி நேர ஷிப்டாகப் பிரியுங்கள். கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி போதாது, கிழியும். மீடியம் சைஸில் இரண்டு டப்பா வாங்கி வையுங்கள்.