மாடு நடந்த வழியில் சைக்கிள்: தாமிரபரணிக் கரை அனுபவங்கள்

மலையேறத்தான் இந்த சைக்கிளை வாங்கினேன். முன்னால் சஸ்பென்ஷன், இரண்டேகால் அங்குல டயர், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் உண்டு. பாபநாசத்துக்கு மேலே ஒரு கை பார்க்கலாம் என்று போனவனுக்குச் சோதனைச் சாவடியிலேயே ஆசை அடங்கியது. அதற்கு மேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் சைக்கிளை விட்டுக்கொண்டு திரிய முடியாது. சரி, ஆறு போகிற பக்கமே நாமும் போவோம் என்று திரும்பினேன். வாய்க்கால் கரை பழக்கமானது அப்படித்தான். நாலு வருஷமாக, பிசானப் பயிர் நிற்கும் தை மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கிவிடுகிறேன்.

தாமிரபரணியில் மொத்தம் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று பெயர்களே ஒரு தினுசு. அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் கரையில்தான் ஓட்டம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல். அகலம் சில இடத்தில் மாட்டுவண்டி போகும் அளவு, சில இடத்தில் ஹேண்டில்பார் அளவுதான்.

கன்னடியன் கால்வாயில், கல்லிடைக்குறிச்சியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில், மடை திறந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் சைக்கிளைச் சுற்றிவந்தார்.

"கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல. மிச்சத்த எப்ப வாங்கப் போறிய?"

விலை கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். "இதுக்கு ஒரு கறவ மாடு வாங்கிருக்கலாமே" என்றார். அப்புறம் மாட்டைப் பிடித்தே கதைக்கு வந்துவிட்டார். யாரோ ஒரு கன்னடத்துப் பிரம்மச்சாரிக்குப் பெரும்பொருள் கிடைத்ததாம். அதை என்ன செய்வது என்று பொதிகையில் அகத்தியரிடம் கேட்க, ஒரு பசுவின் பின்னால் போ, அது நடந்த வழியெல்லாம் கால்வாய் வெட்டு, படுத்த இடத்தில் குளம் வெட்டு என்றாராம். "அதான் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போவுது. மாடு மேட்டுல ஏறாதுல்லா?"

அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. காலையிலிருந்து நான் ஒரு தடவைகூட கியரைக் குறைக்கவில்லை. தண்ணீர் தானாக ஓடவேண்டும் என்றால் கால்வாய் மேட்டைச் சுற்றித்தான் போகவேண்டும். அந்த வளைவில் போகிறவனுக்கு ஏற்றமே வராது. மலையேற வாங்கிய சைக்கிளுக்கு வந்த கதி!

இன்னொரு வருஷம் திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியோடு சேரும் ஊர். ஆற்றோரத் தடம் ஒன்றை நம்பி வந்ததில் கோயிலுக்கு எதிர்க்கரையில் போய் நின்றேன். கோபுரம் தெரிகிறது, நடுவே தண்ணீர். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டையா, "கருவூர்ச் சித்தரும் இப்படித்தான் வெள்ளத்துல அக்கரைல நின்னாரு. நாறும்பூநாதான்னு கூப்பிட்டாரு, சாமி தலயச் சாச்சுக் கேட்டுது. லிங்கம் இன்னைக்கும் சாஞ்சாப்லதான் இருக்கு. நீரும் ஒரு சத்தம் கொடுத்துப் பாரும்" என்றார். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று பாலம் தேடிச் சுற்றிப் போனேன்.

அன்று கேட்டதும் கோபுரத்தின் உள்ளே ஏறவிட்டார்கள். ஐந்து நிலை. சைக்கிள் விளக்கைக் கழற்றி, குறைந்த வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு ஏறினேன். மரத்தூண்களில் விரற்கடை விடாமல் செதுக்கல். சுவர் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியம். ஒரு சுவரில் பாய்மரக் கப்பல், அதில் குதிரைகள். கடலே கண்ணில் படாத ஊரில், அரபு நாட்டுக் குதிரை வந்து இறங்குவதை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். வெளியே வந்தால் மருதமரமெல்லாம் நாரையும் கொக்கும். 2005ல் இந்த இடத்தைப் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்தார்கள். மரத்தடியில் நிறுத்திய சைக்கிள் சீட்டை வந்து பார்த்தால், அறிவிப்பு நன்றாகவே அமலில் இருப்பது தெரிந்தது.

தார்ச்சாலையில் வந்தால் இந்த ஊர்களின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறோம் என்பது என் கட்சி. பஸ் ஸ்டாப், செல்போன் கடை, பிளெக்ஸ் பேனர், எல்லா ஊரும் ஒரே ஊர். படித்துறை வழியாக நுழைந்தால்தான் ஊர் முகம் காட்டும். உங்களுக்கு வாய்த்த சந்திப்புகளையும் எழுதுங்கள்.

* * *

அண்ணாச்சி முள்ளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! கரையோரம் வெட்டிப் போட்ட உடைமுள்ளில் ஒரே நாளில் ஏழு பஞ்சர் பார்த்தவன் நான். டியூப்லெஸ் ஆக்கித் தருகிறோம் என்று ஒரு கடையில் காசு வாங்கினார்கள். முள் ஏறிய பிறகுதான் உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் ஒரு சொட்டுகூட இல்லை என்று தெரிந்தது. ஏழாவது பஞ்சரில் பசை தீர்ந்துபோனது. வீரவநல்லூர்ப் பக்கம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிறவர் ஒருவர், லாரி டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக்கொடுத்தார். ஆறு மாதம் அந்த ஒட்டு அசையவில்லை. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், ஒரு ரவுண்டு மட்டும் ஓட்டிப் பார்த்தார். புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். வயல் களி டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைந்துகொண்டால் சைக்கிளைத் தோளில்தான் சுமக்கவேண்டும்.

* * *

நான் பெண். படித்துறை வழியாக நுழைந்தால் ஊர் முகம் காட்டும் என்பது சரி, ஆனால் அங்கே பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் நூறடி தள்ளி இறங்குங்கள், பெல் அடியுங்கள், தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போங்கள். என்னையே முதலில் ஆண் என்று நினைத்து ஓர் அக்கா வாளியை ஓங்கிவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் சிரித்து, மஞ்சள் கையோடு கொய்யாப்பழம் தந்தாள்.

எனக்கு மறக்காதது பத்தமடை. ஆற்றோரக் கோரையை அறுத்து, காயவைத்து, நாள்கணக்கில் ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் நார்நாராகக் கிழிக்கிறார்கள். ஒரு வீட்டில் கல்யாணப் பாய் தறியில் இருந்தது. மணமகன் பெயர் முடிந்து, மணமகள் பெயரில் மூன்றாவது எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. நெய்துகொண்டிருந்த அம்மா கோரையை ஒருமுறை நாக்கில் வைத்து ஈரம் பார்த்தார். "பட்டுப்பாய் கைக்குள்ள அடங்கும் பாரு" என்று முடிந்த பாய் ஒன்றைச் சேலை மாதிரி மடித்துக் காட்டினார். மடிப்பு விழுந்த இடத்தில் ஓர் இழை உடையவில்லை. வாங்க ஆசைதான். பெரியவர் சொன்ன அதே குறை, கேரியர் இல்லை.

* * *

எல்லோரும் மேற்கிலேயே நின்றுவிட்டீர்கள். நான் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே ஓட்டுகிறவன். நவதிருப்பதிக் கோயில்கள் ஒன்பதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். வாய்க்கால் கரையும் வாழைத்தோட்டமுமாகப் போனால் ஒரே நாளில் ஒன்பதையும் தொட்டுவிடலாம். ஆனால் கோயில் எண்ணிக்கையை முடிக்கிற அவசரத்தில் ஓட்டினால் ஒன்றும் நினைவில் நிற்காது, அது என் அனுபவம்.

ஆதிச்சநல்லூர் பரம்பு மட்டும் வேறு நிலம். திடீரென்று பச்சை நின்று, சரளைக்கல் ஏறும். 1876ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். இப்போது கண்ணாடித் தளத்துக்குக் கீழே, இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகள் கிடந்த கிடையிலேயே தெரிகின்றன. கண்ணாடிமேல் ஷூவோடு நிற்கக் கூசியது, கழற்றிவிட்டேன். பக்கத்தில் ஒரு சிறுவன் அவன் அப்பாவிடம், "இதுக்குள்ள எப்படிப்பா உக்காந்திருப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அப்பா குத்தவைத்துக் காட்டினார்.

கொற்கையில் கடல் தேடாதீர்கள். பாண்டியரின் துறைமுகம்தான், ஆனால் ஆறு கொண்டுவந்த மண் மேடிட்டு, கடல் சில கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. வன்னிமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மறுவருஷம் போனபோது பாதிக் கரையைக் காணோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் படித்தது வேறு, புதுக்குடியில் ஓர் அம்மா சுவரில் தன் தலைக்கு மேல் கையை வைத்து "இம்புட்டு" என்று காட்டியது வேறு. சேறு படிந்த கோடு அவர் விரலுக்கும் மேலே இருந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டபோது பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டது இந்த ஊர்தான். அதை அந்த அம்மாவிடம் கேட்டால், "கெடந்த அரிசியப் பொங்குனோம், ரெண்டு நாளு" என்றதோடு விட்டுவிட்டார். நான் எங்கிருந்து மிதித்து வருகிறேன், சாப்பிட்டேனா என்பதில்தான் அவருக்கு அக்கறை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். நம்பவில்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். படித்துறை விஷயத்தில் அந்தச் சகோதரி சொன்னது நியாயம், நான் எழுதியிருக்கவேண்டும். முள்ளுக்கு இப்போது முன்னும் பின்னும் சீலண்ட், கூடவே இரண்டு டியூப்.

போன தையில் அதே மடைக்குப் போனேன். ஸ்டாண்டு ஒன்று மாட்டியிருந்தேன். மலை சைக்கிளுக்கு ஸ்டாண்டா என்று கூட வந்த நண்பர்கள் வழியெல்லாம் கேலி செய்தார்கள். பெரியவர் அதே மண்வெட்டியோடு நின்றிருந்தார். சைக்கிளை அவர் முன்னால் ஜம்மென்று நிறுத்தினேன். குனிந்து பார்த்தார், ஸ்டாண்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"கேரியர்?" என்றார்.