எச்ஓ அளவில் ஐசிஎஃப் மெரூன் பெட்டிகள்: எஸ் வளைவில் தடம் இறங்குகின்றன

ஈசூன்_தண்டவாளம்:
வணக்கம். சிங்கப்பூரில் என் வீவக (அரசு அடுக்குமாடி) நான்கறை வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, மாதிரி ரயிலுக்காக 2.4 x 1.3 மீட்டர் மேசை போட்டிருக்கிறேன். பாதை கேட்டோ நிறுவனத்தின் எச்ஓ (அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு), 430, 490, 550 மி.மீ. ஆர வளைவுகள். 1980களின் வைகை எக்ஸ்பிரஸ் மாதிரி ஆறு ஐசிஎஃப் (சென்னை பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகளை ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் கட்டுவது திட்டம். இரண்டு முடிந்தன. உடல் நீளம் 245 மி.மீ., எடை 90 கிராம், கொக்கி உடலோடு நேராகத் திருகியது.

தனித்தனியாகத் தள்ளினால் சுகமாக ஓடுகின்றன. இரண்டையும் கோத்து இழுத்தால் 430 எஸ் வளைவில் பின்பெட்டியின் முன்போகி (சக்கரங்கள் உள்ள சட்டம்) தடத்தை விட்டு இறங்கிவிடுகிறது. இன்னொன்று: மெரூன் லாக்கர் வண்ணம் அடித்த மறுநிமிடம் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டது. மீதி நான்கைத் தொடங்குமுன் எதை மாற்ற வேண்டும்?

போகி_மையம்:
சக்கரத்தைச் சந்தேகிக்குமுன் நீளத்தைப் பாருங்கள். ஐசிஎஃப் பெட்டியின் உடல் 21.337 மீட்டர், போகி மையங்களுக்கு நடுவே 14.783 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 245, 170 மி.மீ. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி எவ்வளவு உள்ளே வரும் என்பதற்குச் சுலபமான கணக்கு உண்டு: போகி இடைவெளியின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 430-இல் 8.4 மி.மீ. வரும். அதே வளைவில் பெட்டியின் முனை வெளியே 9 மி.மீ. தள்ளும். எஸ் வளைவில் ஒரு முனை இடப்பக்கம், அடுத்த பெட்டியின் முனை வலப்பக்கம். கிட்டத்தட்ட 18 மி.மீ. விலகலை உடலோடு இறுகிய கொக்கி எப்படித் தாங்கும்? பக்கவாட்டில் இழுத்துப் போகியைத் தூக்கிவிடுகிறது.

430-ஐ இந்த வண்டிக்கு மறந்துவிடுங்கள். 550-இல் அதே எண்கள் 6.6, 7.1 ஆகக் குறையும், உங்கள் 1.3 மீட்டர் அகலத்தில் அந்த வட்டம் அடங்கும். எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளமாவது நேர்ப்பாதை வேண்டும். கேட்டோவின் 246 மி.மீ. துண்டு ஒன்று போதும். 490-உம் 550-உம் இரட்டைப் பாதையாகப் போனால் வண்டிகள் கடக்கும்போது நடுவே சுமார் 8 மி.மீ. தான் மிஞ்சும். அங்கே சிக்னல் கம்பம் நட வேண்டாம்.

பஃபரையும் (பெட்டி முனையில் இருக்கும் முட்டுத்தாங்கி) கவனியுங்கள். அசலில் இரு பஃபர்களின் மையங்களுக்கு நடுவே 1,956 மி.மீ., மாதிரியில் 22.5. 550 வளைவில் உள்பக்கப் பஃபர்கள் 5 மி.மீ. அளவுக்கு ஒன்றையொன்று நெருங்கும். நேர்ப்பாதையில் பஃபர் முகங்கள் தொடும்படி வைத்தால் வளைவில் முட்டி, சிக்கிக்கொள்ளும். உடலில் திருகிய கொக்கியென்றால் முகங்களுக்கு நடுவே 6 மி.மீ. விடுங்கள். அந்த இடைவெளி கண்ணை உறுத்தினால், வளைவில் தானே நீளும் நெருக்கக் கொக்கிப் பொறியமைப்பும் ஐரோப்பியத் தரப்படியான என்இஎம் 362 கொக்கிப் பையும் வாங்கிப் பொருத்துங்கள். காசு கூடும், ஆறு பெட்டிக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

எடையும் குறைவு. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி எச்ஓ பெட்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். உங்கள் நீளத்துக்குச் சுமார் 165 கிராம். 75 கிராம் சேர்க்க வேண்டும்: கார் டயர் பேலன்ஸுக்கு ஒட்டும் 5 கிராம் துண்டுகள் பதினைந்து. தளத்தின் மேல், போகிகளுக்கு நேர்மேலே பிரித்து ஒட்டுங்கள். கூரைக்குக் கீழே வைத்தால் வளைவில் சாயும்.

கடைசியாகப் போகித் திருகு. இரண்டையும் தளர்த்தினால் பெட்டி ஆடும், இரண்டையும் இறுக்கினால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் தூக்கும். ஒரு போகி திரும்பலாம், முன்பின் சாயலாம், பக்கவாட்டில் சாயக் கூடாது. மற்றது எல்லாப் பக்கமும் ஆடட்டும். மூன்று புள்ளியில் நிற்கும் எதுவும் தள்ளாடாது. இதற்குப் பிறகும் இறங்கினால்தான் சக்கரங்களின் உட்புற இடைவெளி 14.4 மி.மீ. இருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

எழும்பூர்_மீட்டர்:
ஓட்டத்தைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது வண்டியின் பெயர். 1980களில் வைகை எக்ஸ்பிரஸ் மீட்டர் கேஜ் வண்டி. எழும்பூரிலிருந்து மதுரைக்கு 1,000 மி.மீ. பாதையில் ஓடியது. நீங்கள் கட்டியிருப்பது 1,676 மி.மீ. அகலப் பாதைப் பெட்டி. அது அந்த வண்டியில் இருந்திருக்க முடியாது. இந்தப் பெட்டிகளையே வைத்துக்கொள்வதென்றால் சென்ட்ரலிலிருந்து புறப்பட்ட மங்களூர் மெயில் போன்ற வண்டியைத் தேர்ந்தெடுங்கள். வைகைதான் வேண்டும் என்றால் பாதையே மாறும்: 1:87-இல் மீட்டர் கேஜ் 11.5 மி.மீ., அதற்கு 12 மி.மீ. பாதை விற்கிறது. மலாயா ரயில்வேயும் மீட்டர் கேஜ்தான். 12 மி.மீ. போட்டால் 2011 ஜூன் 30 வரை சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்த மலேசிய கேடிஎம் வண்டியையும் அதே மேசையில் ஓட்டலாம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதைக் கட்டாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

பெட்டி பற்றி: பெரம்பூர் தொழிற்சாலை 1955-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்போடு தொடங்கியது. உடல் முழுதும் பற்றவைத்த எஃகுக் கூடு. பக்கச் சுவரும் கூரையும் சேர்ந்தே பாரத்தைத் தாங்கும். ஆகவே பழைய மரப்பெட்டிகளில் உள்ளதுபோல் அடியில் இழுகம்பிகளை வைக்காதீர்கள். அடியில் தெரிய வேண்டியவை பேட்டரிப் பெட்டி, பிரேக் உருளை, ஒரு போகியில் தொங்கும் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர். தண்ணீர்த் தொட்டி கழிவறைக்கு மேலே கூரைக்குள் இருக்கும், வெளியே தெரியாது.

நிறத்துக்கும் பிரேக்குக்கும் தொடர்பு உண்டு. மெரூன் பெட்டிகள் வேக்கம் (வெற்றிட) பிரேக்கில் ஓடியவை. காற்று பிரேக்குக்கு மாறிய பெட்டிகளுக்கு 1990களில் நீலம் வந்தது. மெரூன் பெட்டியின் முனையில் ஒரு தடித்த ரப்பர்க் குழாய்தான் தொங்க வேண்டும். சந்தையில் கிடைக்கும், காற்று பிரேக்குக்குரிய இரட்டைக் குழாய்த் துண்டுகளை ஒட்டினால் காலம் தப்பிவிடும்.

ஈசூன்_தண்டவாளம்:
மிக்க நன்றி, இருவருக்கும். மங்களூர் மெயிலே இருக்கட்டும், 12 மி.மீ. பாதை அடுத்த மேசைக்கு. அகலப் பாதை 1:87-இல் 19.3 மி.மீ. வருகிறது, என் பாதை 16.5. பார்வைக்கு மோசமாக இருக்குமா?

போகி_மையம்:
நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும், பக்கவாட்டில் தெரியாது. சக்கரம் உள்ளே தள்ளி இருக்கட்டும். போகியின் பக்கச் சட்டங்களை மட்டும் அசல் அகலத்துக்கே வெளியே தள்ளி ஒட்டுங்கள், பாதி குறை மறைந்துவிடும். சக்கர விட்டம் 10.5 மி.மீ. வாங்குங்கள், அசல் 915 மி.மீ.க்கு அதுதான் சரி.

சுருள்_வில்:
வண்ணத்துக்கு வருகிறேன். லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து வண்ணத்துக்குள் மாட்டிக்கொள்கிறது, அதுதான் அந்த வெண்மை. காலையிலும் மழை விட்ட உடனேயும் அடிக்காதீர்கள். அப்போது ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். மழையில்லாத நாளில் பிற்பகல் 2 முதல் 4 மணிதான் நல்ல நேரம். அறையில் ஏர்கான் ஓடினால் இன்னும் நல்லது, ஆனால் புகையை வெளியேற்றும் விசிறி கட்டாயம் வேண்டும். தாழ்வாரத்தில் வைத்து அடிக்க வேண்டாம்.

உலர்வைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த லெவலிங் தின்னர் வாங்கி, வண்ணம் 1 பங்குக்குத் தின்னர் 2 பங்கு கலந்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். ஏற்கெனவே வெளுத்த பெட்டியைத் தேய்த்து அழிக்குமுன் அந்தத் தின்னரை மட்டும் லேசாகப் புகைபோலத் தெளித்துப் பாருங்கள். பூச்சு இளகி ஈரம் வெளியேறினால் நிறம் திரும்பும். மெரூனுக்கு அடியில் சாம்பல் பிரைமரைவிடச் செங்காவிப் பிரைமர் நல்லது; சாம்பலின் மேல் மெரூன் செத்துத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. பக்கச் சுவரை இரண்டு தகடு ஒட்டிக் கட்டுகிறீர்கள் என்றால் நடுவே சிக்கும் பசை ஆவி சில வாரங்களில் சுவரை வளைத்துவிடும். உள்தகட்டில் 20 மி.மீ.க்கு ஒன்றாக 1 மி.மீ. துளை போட்டு, அதன் பிறகு ஒட்டுங்கள். ஜன்னல் கம்பிகளுக்கு 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி சரி. அவற்றைத் தனியே வண்ணமடித்து, உடல் காய்ந்தபின் உள்பக்கமிருந்து ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் கம்பிகளுக்கு நடுவே வண்ணம் தேங்கி அடைத்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் விளக்கு போடுவதென்றால் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கி, மின்னேற்றும் வழியில் 100 ஓம் மின்தடை சேருங்கள். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாட்டு) பாதையில் மின்தடை இல்லாமல் ஆறு கெப்பாசிட்டர்கள் ஒரே நேரத்தில் மின்னேறினால் பாதைக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு பாதையை நிறுத்திவிடும். கூரையை ஒட்டிவிடாமல் நான்கு சிறு திருகில் நிறுத்துங்கள், கம்பி விட்டுப்போனால் திறக்க வேண்டியிருக்கும்.