செஸ்னா 172: மேலே போனால் கரண்டு விட்டு விட்டு வருகிறது, தரையில் ஒன்றுமே இல்லை

கோபிக்காரன்:

வணக்கமுங்க. சேலம் விமான நிலையத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியின் ஹேங்கரில் உதவி டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்களிடம் உள்ள பழைய செஸ்னா 172P என்ற சின்ன விமானம் ஒன்று கொஞ்ச நாளாகப் படுத்தி எடுக்கிறது. 28 வோல்ட் சிஸ்டம், 24 வோல்ட் பேட்டரி, 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்.

கிளம்பும்போது எந்தக் குறையும் இருக்காது. இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு லேண்டிங் லைட்டைப் போட்டால் அம்மீட்டர் முள் துள்ளுகிறது, லோ வோல்டேஜ் விளக்கு கண் சிமிட்டுகிறது, ரேடியோவில் கரகரவென்று சத்தம். கோயமுத்தூர் பக்கம் கொண்டு போனபோது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிடித்து உலுக்கியதில் டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) அணைந்து, தானாகவே திரும்ப வந்தது. இறக்கி வைத்து ரன்-அப் கொடுத்தால் (தரையில் நிறுத்தி இஞ்சினை வேகமாக ஓட்டிப் பார்த்தால்) எல்லாம் ஒழுங்கு.

பேட்டரி மாற்றியாச்சு. ஆல்டர்னேட்டர் மாற்றியாச்சு. ஆல்டர்னேட்டர் கன்ட்ரோல் யூனிட்டும் மாற்றியாச்சு. ஏஎம்ஈ (விமானப் பராமரிப்பு இஞ்சினியர்) சார் அடுத்து மொத்தக் கரண்டுக்குமான மாஸ்டர் சுவிட்சை வரவழைக்கலாமா என்று யோசிக்கிறார். வேறு எங்கே பார்க்கலாம்?

கணபதி ரீவைண்டிங்:

தம்பி, நான் மோட்டார் சுற்றுகிறவன், விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்ததுகூட இல்லை. ஆனால் லாரி ஆல்டர்னேட்டர் நிறையக் கழற்றியிருக்கிறேன். சூட்டில் மட்டும் காட்டுகிற கோளாறு என்றால் எனக்கு முதல் சந்தேகம் கார்பன் பிரஷ். தேய்ந்து குட்டையானால் ஸ்பிரிங் அழுத்தம் போதாது, அதிர்வில் ஸ்லிப் ரிங்கை விட்டு எழும்பும். புது ஆல்டர்னேட்டர் என்கிறீர்கள், அப்படியானால் ஃபீல்டு வயர் (ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குக் கரண்டு கொடுப்பது) முனையைப் பாருங்கள். ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனால் அரை நாளில் பிடித்துவிடுவார்.

சூலூர் பழைய கை:

கணபதிக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பிரஷ்ஷும் ஃபீல்டு வயரும் எங்கேயும் ஒரே மாதிரிதான். ஆனால் ஆட்டோ எலக்ட்ரீஷியன் விமானத்தில் கை வைக்க முடியாதுங்க. லாரிக் கடை லக்கும் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வயரும் அதில் ஏறக் கூடாது. வேலை முடிந்ததும் ஏஎம்ஈ கையெழுத்துப் போட்டால்தான் அது பறக்கும்.

கோபித் தம்பி, பொருள் மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். விட்டு விட்டு வருகிற கோளாறு பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்காது, பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் இருக்கும். நான் விமானப்படையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: கோளாறு வந்த அந்த நொடியில் அம்மீட்டர் முள் எங்கே நின்றது? மைனஸ் பக்கமா, பூஜ்யத்திலா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த மாடலில் அம்மீட்டர் காட்டுவது பேட்டரிக்குள் போகிற, பேட்டரியிலிருந்து வருகிற கரண்டை. ஆல்டர்னேட்டர் கைவிட்டால் மொத்தச் சுமையும் பேட்டரி தலையில் விழும், முள் மைனஸ் பக்கம் சாயும். அப்போதும் பேட்டரி நன்றாக இருந்தால் டிரான்ஸ்பாண்டர் சட்டென்று அணையாது. அணைந்தது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பேட்டரியே பஸ்ஸிலிருந்து (எல்லாக் கருவிக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பொதுப் பட்டை) கழன்றுகொண்டால் முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆல்டர்னேட்டர் தனியாக இழுக்கப் பார்க்கும். பேட்டரி என்பது வண்டியில் ஷாக் அப்சார்பர் மாதிரி. அது இல்லாவிட்டால் லேண்டிங் லைட் போட்டதும் வோல்டேஜ் குதிக்கும், விழும், ரேடியோ கரகரக்கும். நீங்கள் எழுதிய லட்சணம் அத்தனையும் இதற்குப் பொருந்துகிறது.

பேட்டரியைப் பஸ்ஸோடு சேர்ப்பது கன்டாக்டர், அதாவது ஒரு பெரிய ரிலே. அதன் காயிலில் கரண்டு ஓடினால்தான் அது மூடியிருக்கும். அதன் காயிலுக்குப் பிளஸ் பேட்டரியிலிருந்தே கிடைத்துவிடும். மாஸ்டர் சுவிட்சில் பேட்டரிக்கு ஒரு பாதி, ஆல்டர்னேட்டருக்கு ஒரு பாதி. பேட்டரிப் பாதி செய்கிற வேலை காயிலின் மறுமுனையை எர்த் செய்வது மட்டும்தான். ஆக அந்த மெல்லிசு எர்த் வயர் ஒரு நொடி விட்டால் கன்டாக்டர் திறந்துகொள்ளும். 172P-யில் பேட்டரியும் கன்டாக்டரும் ஃபயர்வாலில் (இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு), இஞ்சின் பக்கம். சூடும் அதிர்வும் அங்கே இலவசம்.

மாஸ்டரைப் போட்டு மல்டிமீட்டரின் ஒரு முனையைக் காயிலின் எர்த் முனையிலும் மறு முனையை ஏர்ஃப்ரேமிலும் (விமானத்தின் உலோக உடம்பு) வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ தடை இருக்கிறது. அப்புறம் லேண்டிங் லைட், பிட்டோ ஹீட் (வேகம் அளக்கும் குழாயின் ஹீட்டர்) இரண்டையும் போட்டுக் கன்டாக்டரின் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். ஓம் மீட்டர் வேண்டாம். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் அது நல்லது என்று சொல்லிவிடும். சுமை ஏற்றி வோல்டேஜ் இறக்கம் பார்த்தால்தான் உண்மை வரும்.

இதெல்லாம் சூடாக இருக்கும்போது செய்ய வேண்டும். ரன்-அப் கொடுத்து, இஞ்சினை நிறுத்தி, மேக்னெட்டோ (தீப்பொறி கொடுப்பது) சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்புறம் கவ்லிங்கை, அதாவது இஞ்சின் மூடியைத் திறவுங்கள். ப்ரொப்பெல்லர் வட்டத்துக்குள் போகாதீர்கள்.

முள் மைனஸ் பக்கம் போனது என்றால் நான் சொன்னதை விட்டுவிட்டு ஆல்டர்னேட்டர்ப் பாதி சுவிட்ச், ஃபீல்டு பிரேக்கர், ஃபீல்டு வயர் என்று பாருங்கள்.

வானத்தில் ஒரு கால்:

நான் பயிற்சி மாணவி, இதே மாடலில்தான் பறக்கிறேன். மேலே இருக்கும்போது மொத்தமாகப் போய்விட்டால் இஞ்சின் நின்றுவிடுமா ஐயா?

சூலூர் பழைய கை:

நிற்காது கண்ணு. தீப்பொறி மேக்னெட்டோவிலிருந்து வருகிறது, அவை இரண்டு, பேட்டரியை நம்பி இல்லை. ரேடியோவும் டிரான்ஸ்பாண்டரும் போகும். ஃபிளாப்பும் (மெதுவாக இறங்குவதற்காக இறக்கையில் இறக்கும் பலகை) கரண்டில்தான் ஓடுகிறது, ஆகவே ஃபிளாப் இல்லாமல் இறங்கத் தயாராக இருக்க வேண்டும். லோ வோல்டேஜ் விளக்கு எரிந்தால் கையேட்டில் உள்ள வரிசைப்படி செய்: ஏவியானிக்ஸ் (ரேடியோ வகைக் கருவிகள்) சுவிட்சை அணை, ஆல்டர்னேட்டர் பிரேக்கரைப் பார், மாஸ்டரின் இரண்டு பாதியையும் அணைத்துத் திரும்பப் போடு. விளக்கு மறுபடியும் வந்தால் ஆல்டர்னேட்டரை அணைத்து, தேவையில்லாததை எல்லாம் நிறுத்தி, சீக்கிரம் இறங்கு.

கோபிக்காரன்:

ஐயா, கிடைத்துவிட்டது! பயிற்றுநர் ஒருவர் போனில் வீடியோ எடுத்திருந்தார். முள் துள்ளிவிட்டு வந்து நின்ற இடம் பூஜ்யம்.

ஏஎம்ஈ சாரும் நானும் நீங்கள் சொன்ன மாதிரி சூட்டோடு பார்த்தோம். ஆறியிருந்தபோது பூஜ்யம் காட்டிய அதே எர்த் முனை, சூட்டில் ஒரு வோல்ட், மூன்று வோல்ட் என்று ஓடியது. வயரை விரலால் லேசாக மேலே தூக்கியதும் கன்டாக்டர் "டொக்" என்று விட்டது, விரலை எடுத்ததும் "டொக்" என்று பிடித்தது. வயர் முனையின் மேலுறை ஸ்லீவைக் கீறிப் பார்த்தால் லக்கின் கழுத்தில் இழைகள் பச்சை பூத்து முறிந்து கிடந்தன. நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிளாம்ப் இல்லாததால் வயரின் எடை முழுவதும் லக்கில் தொங்கியிருக்கிறது.

புது லக் கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), கிளாம்ப் போட்டு, ஏஎம்ஈ கையெழுத்தாகி, மறுபடியும் கோயமுத்தூர் போய் வந்தாச்சு. லேண்டிங் லைட்டைப் போட்டாலும் முள் அசையவில்லை.

கணபதி ரீவைண்டிங்:

அப்போ கழற்றிப் போட்ட ஆல்டர்னேட்டர் நல்ல சரக்குங்களா? விலைக்குத் தருவீங்களா?

சூலூர் பழைய கை:

அதெல்லாம் தர மாட்டாங்க. தம்பி, அதையும் கன்ட்ரோல் யூனிட்டையும் டேக் போட்டு பெஞ்ச் டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நல்லது என்று பேப்பர் வந்தால் ஸ்டோரில் இருக்கட்டும்.