ஆய்வகத்தில் வந்த 'தவறான' ரீடிங்: உங்கள் அனுபவம் என்ன?

தொடக்கப் பதிவு

இரண்டாம் ஆண்டு, மென்னெஃகுக் கம்பியை எந்திரத்தில் அறும்வரை இழுக்கும் இழுவிசைச் சோதனை. மீதி உங்களுக்கே தெரியும். கம்பி இடை சிறுத்து, வெடிபோன்ற ஓசையுடன் அறுந்தது. ஒரு முனை கிண்ணமாகவும் மறுமுனை கூம்பாகவும் இருந்தன, தொட்டால் சுட்டது. என்னை உறுத்துவது அதற்குப் பிந்தைய அரை மணி நேரம். என் கணக்கில் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 18 ஜிகாபாஸ்கல் வந்தது. வர வேண்டியதோ ஏறத்தாழ 200. "சரிசெய்து எழுதிக்கொண்டு வா" என்றார் ஆசிரியர். 204 வரும்படி விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ரீடிங்குகளை எழுதினேன். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் கிடைத்தது. நீட்சியை, அதை அளக்கும் கருவியான எக்ஸ்டென்சோமீட்டரைப் பொருத்திக் கம்பியிலேயே அளக்காமல் எந்திரத்தின் நகரும் தலைப்பகுதியில் அளந்ததால், பிடிகளின் வழுக்கலும் சட்டத்தின் நெகிழ்வும் அந்த எண்ணில் கலந்திருந்தன என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகே புரிந்தது. அந்த 18 நாங்கள் அளந்தது. 204 நான் இட்டுக்கட்டியது.

மறுமொழி 1

எனக்கு வாய்த்தவர் வேறு மாதிரி. 741 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி), பெருக்கம் 10, உள்ளீட்டின் உச்சம் 1 வோல்ட். 20 கிலோஹெர்ட்ஸில் சைன் அலை முக்கோணமாகிவிட்டது. ஐசி போய்விட்டதென்று இருமுறை மாற்றினோம். ஆய்வக உதவியாளர் பேசாமல் வந்து உள்ளீட்டைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தார். திரையில் சைன் திரும்பியது. "மைக்ரோநொடிக்கு எத்தனை வோல்ட் ஏறும் என்று டேட்டாஷீட்டில் பாருங்கள்" என்றார். அரை வோல்ட், எங்கள் அலைக்குத் தேவைப்பட்டதோ 1.25க்கு மேல். இந்த ஏறும் வேகத்தின் வரம்பான ஸ்லூ ரேட்டுக்கு வரையறை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தவன் நான்!

மறுமொழி 2

ஆசிரியரை மட்டும் குறை கூறுவது எளிது. ஒரே எந்திரத்தைச் சுற்றி ஒரு வகுப்பே நிற்கும்போது ஒவ்வொருவரின் பிழையையும் தேட நேரமிருப்பதில்லை, நானும் கையெழுத்திட்டவன்தான். குழாயில் ஓடும் நீரின் அளவைக் காணும் வெஞ்சுரிமீட்டரில், வெளியேற்றக் கெழு (உண்மை ஓட்டத்துக்கும் கணக்கிட்ட ஓட்டத்துக்கும் உள்ள விகிதம், ஒன்றுக்குச் சற்றுக் கீழே வர வேண்டியது) 1.08 என்று ஒரு மாணவர் கொண்டுவந்தார். அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானோமீட்டர் குழாயில் காற்றுக்குமிழி நிற்பது எனக்குத் தெரிந்தும், "மறுபடி எடு" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சோதனையைத் தொடங்குமுன் எதிர்பார்க்கும் விடையைத் தோராயமாக அப்சர்வேஷன் நோட்டில் எழுதுங்கள், வந்த எண் விலகினால் அதை அழிக்காமல், விலகலுக்கான காரணத்தை அதன் அடியிலேயே எழுதுங்கள், ஆசிரியர்களும் அந்த வரிக்கு மதிப்பெண் ஒதுக்க வேண்டும். 2002இல் சான் டியேகோவில் கூடிய பொறியியல் கல்வியாளர்கள் ஆய்வகக் கல்விக்கு வகுத்த 13 நோக்கங்களில், தோல்வியிலிருந்து கற்பதும் ஒன்று. நம் ரெக்கார்டில் அதற்கு ஒரு பத்திகூட இல்லை.

தொடக்கப் பதிவர்

அறிவுரை நன்று, ஆனால் நான் கேட்டது அதுவன்று. மறுபடி எடுக்கச் சொன்னீர்களே, அந்த மாணவர் குமிழியை வெளியேற்றினாரா, அல்லது 0.98 என்று எழுதிக்கொண்டு வந்தாரா?